ஊதா மூடி

வெறும் வயிற்றோடு ஆறரை பஸ்ஸில்
திருப்பூரிலிருந்து பீளமேடு.
நாலு குழாய் ரத்தம். கடைசிக்கு ஊதா மூடி.
"இது ஆராய்ச்சிக்கு, கௌசிகா" என்றார் டாக்டர் ஜெசிந்தா.

பன்னிரண்டு வருசமாய்
எல்லாரும் என்னிடம் ஒரே இடத்தைப் பற்றித்தான் கேட்டார்கள்.
எத்தனை நாள் தள்ளிப்போச்சு,
நீர்க்கட்டி இடதா வலதா,
தாடை முடிக்கு என்னதான் பண்றீங்க.
காங்கயத்திலிருந்து மாமியார் போனில்:
"விசேசம் ஏதாச்சு உண்டா அம்மிணி?"

இவர் கேட்டார்:
"படி ஏறினா நெஞ்சு அடைக்குதா?
வீட்ல யாருக்காவது மாரடைப்பு?"

என்ற அய்யனுங்க. அம்பத்தொண்ணுல.
தறி ஓடிக்கொண்டேயிருந்தது,
நிறுத்த ஆளில்லாமல்.

எனக்கும் நெஞ்சென்று ஒன்று இருப்பதை
அன்றைக்குத்தான் ஒருவர் நம்பினார்.

ரசீதின் பின்புறம் ரத்தக்குழாய் வரைந்தார்.
வெள்ளணுக்கள் காவல்காரர்களாம்.
என் மாதிரி உடம்பு சிலதில்
கள்ளன் வராத ராத்திரியிலும்
விசிலடித்தபடி திரிகிறார்களாம்.
சுவரில் ஒட்டி, உள்ளே புகுந்து,
கொழுப்பைத் தின்று தின்று
நுரையாய் ஊதிக் கிடக்கிறார்களாம்.
"நுரைங்களா?"
"பேரே நுரையணுதான்."

நுரை எனக்குத் தெரியும்.
மழைக்கு மறுநாள் நொய்யல் பாலத்தில்
வண்டியை நிறுத்திப் பார்த்திருக்கிறேன்.
வெள்ளை வெள்ளையாய் எழும்பி வந்து
கைப்பிடிச் சுவரில் ஒட்டும்.
பார்க்க அழகுதான்.
அதற்கடியில் தண்ணீர்
எப்படியோ வழி கண்டு போகும்.

"எனக்கு வந்திருச்சுங்களா?"
"தெரியாது. எல்லாருக்கும் வருமான்னும் தெரியாது.
அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தக் குழாய்."

தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர்.
பஸ் ஸ்டாப்பில் ரெண்டு இட்லி தின்றேன்,
மூன்றாவதைத் தின்னலாமா என்று யோசித்தேன்,
தின்றேன்.

மத்தியான ஷிப்ட். செக்கிங் மேசை.
கண்ணைக் கூசும் ட்யூப்லைட்.
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்:
சிவப்பு ஸ்டிக்கர்.
உள்பக்கம் திருப்பாமல் ஒரு பீஸைக்கூட
இதுவரை நான் பாஸ் பண்ணியதில்லை.

முழங்கை மடிப்பில் பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.
"என்னாச்சுங்க்கா?" என்றான் சூப்பர்வைசர் நவநீதன்.
"நெஞ்சுக்குப் பாக்கப் போயிருந்தேன்."
"உங்களுக்கா? நெஞ்சுக்கா?" சிரித்துவிட்டான்.
பிறகு என் முகத்தைப் பார்த்து
சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான்.

அடுத்த பீஸை எடுத்தேன்.
காலர் கோணல்.