இடது அறுபது, வலது அறுபது

நீடாமங்கலத்தில் கேட் போட்டுவிட்டார்கள்.
ஜன்னலுக்குக் கீழே மன்னார்குடி பஸ்
எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கிறது.
திரையில் என் ரூன் எழுத்துகள்.
வடக்கே எங்கோ, மரத்தில், கத்தியால் கீறியவை.
வளையத் தெரியாது.
ஆளுக்கொரு தண்டு, ஒன்றிரண்டு கிளை.

முதலில் எல்லோருக்கும் ஒரே அளவு கொடுத்தேன்.
இடது அறுபது, வலது அறுபது,
கயிறு பிடித்து நட்டதுபோல.
எண்கள் சரி என்றன.
கண் ஒப்பவில்லை.

ஓஸ்லோவிலிருந்து சிக்னே எழுதியிருந்தாள்:
"நாலாம் வரியில் ஆலங்கட்டி பெய்கிறது.
மூலத்தில் கிடையாதே."

தேடினேன்.
ᛚ என்றால் தண்ணீர். ᛁ என்றால் உறைபனி.
தண்ணீரின் கிளை மேலிருந்து சரிந்து
பக்கத்துத் தண்டைத் தொட்டுவிட்டால்
இரண்டும் சேர்ந்து ᚺ.
ஆலங்கட்டி.

எனக்குத் தெரியாததா?
ஒரு ர கால் ஆகிப்போய்
ரேஷன் கார்டில் நாலு வருஷம்
சுந்தாவல்லியாக அரிசி வாங்கியவள் நான்.

வேளாண்மை அலுவலகச் சுவரில்
பச்சைப் பெயிண்டில் எழுதியிருக்கிறது:
நண்டோட நெல். நரியோட கரும்பு.
வண்டியோட வாழை.
அதற்குள் பெயிண்டருக்குச் சுவர் தீர்ந்துவிட்டது.
தேரோட தென்னை மட்டும்
தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால்
எலிகூட ஓட முடியாமல்.

ராத்திரி முழுக்க அந்த வேலைதான்.
தண்ணீருக்கும் பனிக்கும் நடுவே ஒரு நண்டு.
வலப்பக்கம் வயிறு துருத்திய முள்ளுக்கு
ஒரு நரி.
ᛏ இரண்டு கையையும் தொங்கவிட்டு நிற்கும்;
அதன் கைக்கடியில் வந்து ஒண்டிக்கொள்ளச் சொன்னேன்
குட்டையான பக்கத்து எழுத்தை.
தண்டும் தண்டும் அடுத்தடுத்து வந்தால்
வண்டியே விடலாம்.
இருபத்து நாலு எழுத்து,
ஐந்நூற்று எழுபத்தாறு ஜோடி.
முந்நூறு தாண்டும்போது கரண்ட் போனது.

இதோ சரக்கு ரயில்,
காரைக்கால் நிலக்கரி.
வேகனுக்கும் வேகனுக்கும் நடுவே
ஒரே அளவு வெளிச்சம்.
யாரும் கண்ணால் பார்த்து வைத்ததில்லை,
இரும்புக் கொக்கி வைத்தது.
ஆனாலும் உறுத்தவில்லை:
ஐம்பத்தெட்டு தடவையும் ஒரே எழுத்து.

கேட் தூக்கினார்கள்.
இந்தப் பக்கத்து பஸ், அந்தப் பக்கத்து டிராக்டர்,
நடுவில் மூக்கை நுழைத்த மூன்று பைக்.
எவனும் எவனுக்கும் அறுபது கொடுக்கவில்லை.

சிக்னேவுக்கு நாலாம் வரியை அனுப்பப் போகிறேன்.
ஒரு ஜோடி மட்டும் இன்னும்.
இரண்டு அலகு தள்ளிவைத்து,
எட்ட நின்று பார்த்து,
ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.