ஏழாம் எண் சன்ஷேடு

வண்ணார்பேட்டை மாடியறையில்
சன்ஷேடுக்கு ஒரே ஒரு விவரப்படம்.
அம்பையில் ஆஸ்பத்திரி, பணகுடியில் பள்ளிக்கூடம்,
மேலப்பாளையத்தில் மைதீன் பாத்து வீடு,
மூன்று வரைபடமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன.
ஓரிடத்தில் திருத்தினால் போதும் என்று
நான்தான் ஏற்பாடு செய்தேன்.

பணகுடி ஆடிக் காற்றில்
மழை சொட்டவா நிற்கும்,
அடிவிளிம்பில் காடி எதற்கு
என்று கொத்தனார் ஏச,
சேர்மக்கனி அதை அழித்தான்.
அரை அங்குலம். ஒரு சொடுக்கு.

ஐப்பசியில் அம்பையிலிருந்து போன்:
"எக்கா, தண்ணி சொட்ட மாட்டேங்கு,
செவரப் புடிச்சே எறங்குது.
பிரசவ வார்டு சன்னலுக்குக் கீழ
கறுப்பா ஒரு கோடு."

நான் வரையாத கோடு.
ஒன்றை அழித்ததில் விழுந்தது.

அவனைத் திட்டவில்லை.
ஏழு, ஏழு-ப என்று படத்தைப் பிரித்தேன்.
எந்தக் கட்டடம் எதைப் பார்க்கிறதென்று
காலண்டர் அட்டையின் பின்பக்கம் எழுதி
சுவரில் ஒட்டினேன்.
கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகிவிட்டது.

மேலப்பாளையத்தில் இன்றைக்குத்தான் வெளிப்பூச்சு.
ஓடுடே, என்றேன்,
பழைய தாள்
பூச்சுக்காரர் சட்டைப்பையில் மடிந்திருக்கும்.