முக்கோணக்காரியின் கணக்கு

ஜூன் முதல் செப்டம்பர் வரை
நான்கு கச்சேரி.
நான்கிலும் சேர்த்து எனக்குப்
பத்தொன்பது தட்டல்.

பென்சிலால் வட்டமிட்டு எண்ணிவிட்டேன்.
உல்சூர் ஏரிக்கரையில் ஆறு.
பௌரிங் ஆஸ்பத்திரி ஓ.பி. வாசலில் இரண்டு,
அதையும் மெதுவாகத் தட்டச் சொல்லியிருக்கிறார்கள்.
கண்டோன்மெண்ட் ஸ்டேஷனில் பத்து,
ரயில் அறிவிப்பு குறுக்கே வந்தால் ஒன்பது.
கடைசியாக, ரிச்சர்ட்ஸ் பார்க்கில்
ஒன்றே ஒன்று.

குறைவாக வாசிப்பவள் என்பதால்
நாற்காலி என் பொறுப்பு.
அனுமதிக் கடிதமும்.
வார்டு ஆபீசில் மூன்று முறை
"நாளெ பன்னி" என்றார் கிளார்க்.
பேய்க்கென்று இந்த ஊர்ச் சுவர்களில் எழுதிவைத்ததுதான்,
எனக்குக் கொஞ்சம் மரியாதை சேர்த்து.
நான்காம் நாள் விண்ணப்பத்தைப் படித்தார்.
வாத்தியம் என்ற இடத்தில் முக்கோணம் என்றிருந்தது.
"குடும்பக் கட்டுப்பாடா மேடம்?"
பையிலிருந்து எடுத்து ஒரு தரம் தட்டிக் காட்டினேன்.
ஆபீஸ் முழுக்கத் தலை நிமிர்ந்தது.
சீல் விழுந்தது.
அந்தத் தட்டல் கணக்கில் சேராது.

முனிவெங்கடப்பாவின் ஷாமியானா கடையில்
நூற்றைம்பது நாற்காலி, ஒன்று ஒன்பது ரூபாய்.
"டிக்கெட் எவ்வளவு?"
இலவசம்.
"அப்ப நாற்காலி?"
அதற்குக் காசு உண்டு.
"அந்தக் காசு?"
எங்கள் கண்டக்டர் பிடுங்கிய பற்களிலிருந்து வருகிறது என்றேன்.
எந்த ரூட் பஸ் என்று கேட்டார்.
ஷர்மிஷ்டா வாரநாளில் பல் டாக்டர்,
ஞாயிற்றுக்கிழமை குச்சியை எடுப்பவர்
என்று விளக்குவதற்குள்
எட்டு ரூபாயாகக் குறைத்துவிட்டார்,
பாவம் என்று.

இன்னாசியிடம் யாரும் காசு கேட்பதில்லை.
காலையில் கல்பள்ளி கல்லறை வரை
ஒரு பெட்டிக்கு முன்னால் ஊதி நடந்துவிட்டு
அதே டிரம்பெட், அதே சிவப்புக் கோட்டு,
சாயந்திரம் ஒத்திகைக்கு வந்துவிடுவார்.
உதடு ஏற்கனவே சூடாயிருக்கு, ஆரம்பிங்க, என்பார்.

நாற்பத்திரண்டு, இரண்டு, மூன்று, நான்கு.
நாற்பத்திமூன்று, இரண்டு, மூன்று, நான்கு.
உண்மையில் எண்ணுவதுதான் என் வாத்தியம்.
இரும்பு அதற்கு முற்றுப்புள்ளி.
ஃபர்ஹத்தின் கிளாரினெட் அழகாக ஏறுகிறதாம்,
எல்லோரும் சொல்கிறார்கள்.
எனக்கு அது ஐம்பத்தெட்டு.

போன வருஷம் அறுபத்தொன்றில் தவறினேன்.
முன்வரிசையில் ஒரு டெலிவரி பையன்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
மடியில் முடிச்சுப் போட்ட பொட்டலம்.
சட்டைப்பையில் போன் அதிர்ந்தது,
கையால் பொத்திக்கொண்டான்.
மறுபடி அதிர்ந்தது,
மறுபடி பொத்தினான்.
யார் வீட்டுச் சோறோ ஆறுகிறதே என்று நினைத்தேன்,
அவ்வளவுதான்.
அறுபத்திரண்டு கடந்துவிட்டது.

யாருக்கும் தெரியவில்லை.
ஷர்மிஷ்டாவின் இடது புருவத்துக்குத் தெரிந்தது.
தட்டாத தட்டல் மணிக்கட்டிலேயே நின்றுவிட்டது.
வீட்டில் டம்ளரை வைக்கும்போதெல்லாம்
அதுதானோ என்று பார்க்கிறேன்.
இல்லை.

ஆக, இந்த வருஷம்
பத்தொன்பது,
பழைய பாக்கி ஒன்று.

ரிச்சர்ட்ஸ் பார்க், செப்டம்பர் கடைசி ஞாயிறு,
சாயந்திரம் ஐந்தரை மணி.
நாற்காலிக்குக் கொடுத்தாயிற்று.
மழை வந்தால் அதையே
தலைக்கு மேல் கவிழ்த்துக்கொள்ளலாம்,
முனிவெங்கடப்பா ஒன்றும் சொல்லமாட்டார்.

தம்பி,
வந்தால் அதே இடத்தில் உட்கார்.
ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம்.
அறுபத்திரண்டு வரைக்கும்
நான் உன்னைப் பார்க்கமாட்டேன்.