ஐந்தாம் பொத்தான்

ஒற்றைக் கொடுக்குப் பெருத்த ஆண் நண்டை
மல்லாத்திப் போட்டுவிட்டுப் பார்த்திருப்பேன்.
அதுதான் என் ஆராய்ச்சி.
வீட்டில் கேட்டால் இப்படிச் சொல்வதில்லை.

நிமிடத்துக்குக் கால் பாகை ஏறும் தண்ணீர்.
முப்பத்தைந்தில் உடனே புரளும், கோபத்தோடு.
முப்பத்தொன்பதில் கொஞ்சம் யோசித்து.
நாற்பத்திரண்டில்
எட்டுக் காலும் தண்ணீரைக் கீறும், கீறும்,
புரளாது.
அந்த இலக்கத்தைக் குறித்துக்கொண்டு
குளிர்ந்த வாளிக்குள் அள்ளி விடுவேன்.
அநேகமாகப் பிழைக்கும்.
'அநேகமாக' என்ற சொல்லுக்கு
என் கொப்பியில் தனி நிரல் உண்டு.

ஆய்வுகூடத்துச் சூடு நான் திருகி ஏற்றுவது.
சேற்றின் சூட்டை யார் திருகுகிறார் என்று பார்க்க
அராலிப் பாலத்துக்கு மேற்கே, கடலேரி வற்றின இடத்தில்
ஆறு பொத்தான்கள் புதைத்தேன்.
ஒரு ரூபாய்க் குற்றியளவு இரும்புப் பொத்தான்;
பிளாஸ்டிக் குழாய்த் துண்டுக்குள், மெழுகு அடைத்து.
பத்து நிமிடத்துக்கு ஒருக்கால்
வெயிலைத் தனக்குள் எழுதிக்கொள்ளும்.
பெயரும் துறையும் தொலைபேசியும் எழுதி ஒட்டியிருந்தேன்.
உப்புத்தண்ணி முதலில் தின்றது அதைத்தான்.

நண்டுவலை பார்க்க வந்த டிக்சன்
காலில் தட்டுப்பட்டதை எடுக்கவில்லை.
இந்த மண்ணில் காலில் தட்டுப்படுவதை
ஒருவரும் சும்மா எடுப்பதில்லை.
போனைக் காதில் வைத்தபடி நின்றார்.
'அசையாதேங்கோ' என்றதாம் மறுமுனை.
நின்றார்.
பிறகு தன் காலடிகளிலேயே,
தண்ணீர் ஊறி அவை மூடுமுன்,
ஒவ்வொன்றாய்ப் பின்னோக்கி நடந்து வந்தார்.

மஞ்சள் நாடா. தலைக்கவசத்தோடு இருவர்.
பாலத்தில் மோட்டார்சைக்கிள்கள் வால் நீட்டி நின்றன.
அந்த நேரம் நான் திருநெல்வேலியில்
முதலாம் வருடத்துக்குத் தவளையின் இதயம் காட்டிக்கொண்டிருந்தேன்.

ஆறாம் நாள் ஸ்டேசனில் மூன்று இடத்தில் கையொப்பம்.
'இதுக்குள்ள என்ன இருக்கு?'
'வெயில்' என்றேன்.
மொழிபெயர்த்த கான்ஸ்டபிள் சிரித்தான்.
கேட்டவர் சிரிக்கவில்லை.

அன்றிரவு பொத்தானைக் கணினியில் செருகினேன்.
பன்னிரண்டு இருபது: நாற்பத்தொன்றரை.
கொஞ்ச நேரம் அங்கேயே.
பிறகு கோடு கிணற்றுக்குள் விழுந்ததுபோல் விழுகிறது.
இருபத்துநாலு. இருபத்துநாலு. இருபத்துநாலு.
ஐந்து பகல், ஐந்து இரவு,
ஏ.சி. அறையில் ஒரு மேசை லாச்சியின் காலநிலை.
மூன்றாம் நாள் மாலை மட்டும்
சின்னதாய் ஒரு மேடு: முப்பத்திரண்டு.
யாரோ குழாயைப் பிரித்து
உள்ளங்கையில் வைத்திருக்க வேண்டும்,
பத்து நிமிடம், அதற்கு மேலும்.

'வழுத் தரவு, நீக்கிவிடும்' என்று
மேற்பார்வையாளர் ஒரு வரியில் எழுதினார்.
சரிதான். லாச்சியில் நண்டு இல்லை.
நீக்கினேன்.
நீக்கினதை வேறொரு கோப்பில் வைத்திருக்கிறேன்.
ஏன் என்று முறையியல் பகுதியில் எழுத முடியாது.

மன்னிப்புக் கேட்கப் போனேன்.
டிக்சன் வலையில் சிக்கின பாசியை உருவிக்கொண்டே
'அண்டைக்கு எத்தினை பாகை, மிஸ்?' என்றார்.
சொன்னேன்.
'அதில அரை மணித்தியாலம் அசையாமல் நிண்டனான்.
உங்கட நண்டு நிக்குமோ?'
சிரித்தார். நானும் சிரிக்கத் தொடங்கினேன்.
அவர் கை அதற்குள் பாசிக்குத் திரும்பியிருந்தது.

ஐந்தாம் பொத்தானை அதே இடத்தில் புதைத்தோம்,
சிவப்புத் துணி கட்டின கம்பு ஒன்றோடு;
கம்பு அவருடையது, துணி என் பழைய சால்வையில் கிழித்தது.
பத்தடி தள்ளி ஒரு நண்டு துளையால் எட்டிப் பார்த்து
பெரிய கொடுக்கை ஒருமுறை உயர்த்தி இறக்கியது.
துணியைக் கண்டோ,
சூட்டை வெளியே விடவோ,
தெரியாது.
நேரம் மட்டும் குறித்தேன்: பத்து ஐம்பது.