இரண்டு கொம்பு

கடையின் கண்ணாடிக்குள் அடுக்கியிருந்த
ரவுட்டர்களுக்கெல்லாம் கொம்பு.
இரண்டு கொம்பு எண்ணாயிரத்து ஐந்நூறு,
நாலு கொம்பு பதினாலாயிரம்,
ஆறு கொம்பின் விலையை
நான் கேட்கவில்லை.

வாசலில் ஒரு மான்
வெறும் அட்டைப்பெட்டியைச்
சாவகாசமாய்த் தின்றுகொண்டிருந்தது.
அதற்கும் இரண்டு கொம்பு; ஒன்று பாதியில் முறிந்தது.
யாரும் விரட்டவில்லை.
திருகோணமலைத் தெருவில்
மானுக்காக நின்று பார்க்கிறவர் வெளியூரார்.

"வீட்டுல எத்தினை பேர்?" ஜெஸீமா கேட்டாள்.
கடை அவளுடைய தம்பியினது,
விஷயம் தெரிந்தவள் அவள்.
சொன்னேன்:
விடிய நாலரைக்கு எழும்பி
பிரிஸ்பேனில் ஒரு பல் வைத்தியரின்
வரவு செலவு எழுதுகிற நான்.
கிரிக்கெட்டும் காற்றின் வேகமும் பார்க்கிற ஜெயசீலன்.
வகுப்பென்று சொல்லிக் கமராவை மூடிவிட்டு
வேறெதையோ பார்க்கிற மகள்.
மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் தாதி சந்தமாலி;
பில்லில் மூன்றிலொன்று தருகிறவள்,
ஆகவே அவளுக்கும் வாக்குண்டு.

"ஒரு அலை வேகமா ஓடும்,
சுவரைக் கண்டா திரும்பிரும்.
மத்தது மெத்தனம், ஆனா நுழைஞ்சு வரும்.
உங்கட சுவர் எத்தினை மொத்தம்?"

சட்டை தைக்கக் கொடுத்தாலும்
இவ்வளவு கேட்கமாட்டார்கள்.
வீட்டுச் சுவர்தானே என்றேன்.
"அளந்துட்டு வாங்க."
விற்கத் தெரியாதவள்
என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

முன்னறை ஆறு அங்குலம். குசினி ஆறு.
என் மேசை இருக்கும் பின்னறைக்குப் பதினெட்டு.
நாடாவை மறுபடி பிடித்தேன்.
பதினெட்டு.

பதினாறு வருடமாய் இந்தச் சுவரில்
கலண்டர் மாற்றுகிறேன்.
ஆணி இறங்காததற்கு
முகம் தெரியாத மேசனைத் திட்டியிருக்கிறேன்.

ஜெயசீலன் தேத்தண்ணியைக் கீழே வைக்காமலே சொன்னான்:
"தொண்ணூறிலை மொத்தமாக்கினது.
நடுவிலை கடல்மணல்,
அதுக்குள்ளை தண்டவாளத் துண்டு.
ஒன்பது பேர் படுத்திருந்தனாங்கள்.
பக்கத்து வீட்டு நாயும்."
பிறகு, "ஸ்கோர் என்னெண்டு பார்,
எனக்கு வருகுதில்லை."

வெளிப்பக்கம் போய்த் தடவினேன்.
கறிவேப்பிலை மரத்துக்குப் பின்னால்
வெள்ளையடித்து வெள்ளையடித்து மழுங்கிய
நாலைந்து குழி.
ஒன்றில் சிலந்தி.
இன்னொன்றில் என் விரல்
முதற் கணு வரை போனது,
அதற்குமேல் போகவில்லை.
உள்ளே வருவதற்கென்று புறப்பட்ட ஏதோ
அவ்வளவு தூரம்தான் வந்திருக்கிறது.

மறுநாள் ஜெஸீமாவிடம் எண்ணைச் சொன்னேன்.
ஏன் என்று கேட்கவில்லை அவள்.
"எங்கட மூதூர் ஊட்டுலயும் ஒண்டு இருக்கு" என்று
நாலு கொம்பைத் திரும்ப அடுக்கிவிட்டு
இரண்டு கொம்பும்
இருபது மீற்றர் வயரும் தந்தாள்.
"இதுக்கு ஆறு கொம்பு வெச்சாலும் காசு கரி."

வயர் இழுக்க வந்த பொடியன்
சுவரில் தட்டிப் பார்த்து,
துளைக்கலாம் என்றான்.
வேண்டாம் என்று மூன்று பேர்
ஒரே குரலில் சொன்னதில்
கொஞ்சம் பயந்துபோனான்.
கூரைக்கடியில், வௌவால் வருகிற ஓட்டையால்,
சுற்றி இறங்குகிறது இப்போது.
பார்க்க வடிவில்லை.
சிக்னல் ஒரு கோடும் குறையாமல் விழுவது
கிணற்றடியில். அங்கே யாருக்கு வேண்டும்?

நாலரை.
பிரிஸ்பேனில் யாருக்கோ வேர்ச்சிகிச்சை,
முந்நூறு டொலர் பாக்கி.
எண்கள் தடங்காமல் வருகின்றன.
முதுகுக்குப் பின்னால் சுவர்
இரவின் சூட்டை இன்னும் வைத்திருக்கிறது.

இரவு வேலை முடித்துப் படியேறுகிற சந்தமாலி
செருப்பைக் கையில் பிடித்தபடி எட்டிப் பார்க்கிறாள்:
போனில் ஏழெட்டுப் பெயர் காட்டுகிறதாம்,
அதிலே தன்னால் வாசிக்க முடியாத எழுத்தில் ஒன்று,
அதுவா எங்களுடையது?

வாங்கி நீட்டிப் பார்த்தேன்.
முறிகொம்பன்.
மகளின் வேலை.

ஓம், அதுதான்.