இருபத்து மூன்று கிலோ

வெள்ளி ஆராதனை முடிந்து
மஸ்கட், காலா வளாகத்தின் பின்னறையில்
பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தோம்.
பத்து நாள் ஊழியம். உகாண்டாவில் மூன்று கிராமம்.
கைப்பிரதிகள், பலூன், பேன் மருந்து,
முதுகில் வசனம் அச்சடித்த
முப்பது மஞ்சள் பனியன்.

அங்கே குளிருமா, என்றார் ஹெப்சிபா அக்கா.
யாருக்கும் தெரியவில்லை.

மழை பெய்யும், என்றான்
ஏசியை அணைக்க வந்த காவலாளி.
நான்கு வருடமாக எங்கள் கார்களுக்கு
இடம் காட்டுகிறவன்.
பட்டியலில் இரண்டாவது, அவன் ஊர்.
பெயர் ஒகெல்லோ. அன்றுதான் கேட்டோம்.

ஊருக்குப் போய் எவ்வளவு நாளாச்சு?
பாஸ்போர்ட் கம்பெனியிடம், என்றான்
மழையைச் சொன்ன அதே குரலில்.

பாஸ்டர் கண்மூடி ஜெபித்தார்,
போகிறவர்களுக்காக.

ஆமென் சொல்லிவிட்டு வெளியே ஓடியவன்
ஒரு பையோடு திரும்பினான்:
கறுப்புப் பள்ளிக்கூட ஷூ, ஒரு ஜோடி,
ரூவி கடையின் விலைச்சீட்டோடு.
மகளுக்கு. ஆறு வயது.
கொஞ்சம் யோசித்து,
இல்லை, எட்டு.

தராசு இருபத்து நான்கு காட்டியது.
கிளாட்சன் அண்ணன் குனிந்து
பலூன்களை எடுத்தார். போதவில்லை.
பேசாமல் பிரதிக் கட்டு ஒன்றை உருவினார்,
இன்னொன்றை.

மூடி பூட்டியாயிற்று.
ஷூ எந்த வயதுக்கு வாங்கியதென்று
ஒருவரும் கேட்கவில்லை.