கட்டாயப் புலம்

படிவத்தில் ஒரு சிவப்பு உடுக்குறி.
கேட்டது அவ்வளவுதான்.
"அவசரமென்றால் யாருக்குச் சொல்ல வேண்டும்"
என்ற கட்டத்தை
இனி யாரும் காலியாய் விட்டுப் போகக்கூடாது.
பீல் நகரின் முதியோர் இல்லங்கள் மூன்று,
மூன்றுக்கும் ஒரே மென்பொருள்,
மென்பொருளுக்கு நான் ஒருத்தி.

அரை மணி நேர வேலை என்றான் ரெத்தோ.
நானும் அப்படித்தான் நினைத்து
ஒரே வரியில் எழுதினேன்:
வெறுமை கூடாது.

சோதனைத் தளத்தில் ஓட்டினால் ஓடவில்லை.
நானூற்றுப் பன்னிரண்டு நிரைகளில்
முப்பத்தேழு
வாசலிலேயே குந்திக்கொண்டு மறித்தன.

"தெரியாது என்று போட்டு நிரப்பிவிடு.
இயல்பு மதிப்பு பிறகு எதற்கு?"
காப்பி இயந்திரம் இரைகிற இரைச்சலில்
அவன் சொன்னது நியாயமாகத்தான் கேட்டது.
தெரியாது என்று சொன்னது யார், அவர்களா, நாமா?
அதை அவனிடம் கேட்கவில்லை.
விசைப்பலகையில் கை வைத்து
எடுத்துக்கொண்டேன்.

இந்த ஊருக்கு இரண்டு நாக்கு.
ஜெர்மன் படிவம் இளகின மனசு, எதையும் விட்டுவிடும்.
பிரெஞ்சுப் படிவத்தில் மட்டும்
யாரோ எப்போதோ
அந்த உடுக்குறியை முன்பே வைத்திருந்தார்கள்.
அங்கே ஒரு கட்டமும் காலியில்லை.
சந்தோஷமாய்த் திறந்து பார்த்தேன்.

மூன்று சிறுகோடு.
xxx.
பூச்சியங்களாலேயே ஆன தொலைபேசி எண்.
ஒன்பதாம் அறையில் ஒரு புள்ளி,
வாக்கியம் எதுவும் முன்னால் இல்லாத
வெறும் முற்றுப்புள்ளி.
பதினாலாம் அறை திரு. மத்தே
உறவு என்ற இடத்தில் "நான்" என்று எழுதி
தன் அறையின் எண்ணையே கொடுத்திருந்தார்.

இல்லத்துக்குப் போன் போட்டேன்.
கொரின் சிரித்தாள்.
"எனக்கு ஒன்று ஆனால்
முதலில் எனக்கல்லவா தெரிய வேண்டும் என்றார்,
என்ன பதில் சொல்ல?"
பிறகு குரல் இறங்கி,
"அந்தப் புள்ளி என்னுடையது.
கேட்டேன். அந்த அம்மா
சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.
திரை அடுத்த பக்கம் போக விடவில்லை.
பின்னால் சாப்பாட்டு வண்டி நிற்கிறது.
ஒரு புள்ளி வைத்தேன், விட்டது."

நான் எழுதிய வரியை அழித்தேன்.

பெயர் காலியாய் இருக்கலாம்.
அதன் பக்கத்தில் இன்னொரு புலம்:
கேட்டோமா?
கேட்கவில்லை.
கேட்டோம், சொன்னார்.
கேட்டோம், ஒருவரும் இல்லை.
சிவப்புக் குறியைத் தூக்கி
அதன் தலையில் வைத்தேன்.
கட்டாயம் இனி
கட்டிலில் கிடப்பவருக்கு இல்லை, எங்களுக்கு.

முதலில் புலத்தைச் சேர், திறந்தே இருக்கட்டும்.
அப்புறம் நிரப்பு.
எல்லாம் நிரம்பிய பிறகு பூட்டு.
இந்த ஒழுங்கு தப்பினால்
உள்ளே இருப்பவர்கள் வெளியே நிற்பார்கள்.

வியாழன் இரவு பதினொன்று நாற்பது.
புலம்பெயர்வு என்று அப்பா சொன்னால்
வீட்டில் ஒரு மணி நேரம் யாரும் பேச மாட்டார்கள்.
எனக்கு அது
முக்கால் விநாடியில் ஓடி முடிந்த ஒரு கோப்பு.
அதில் திரும்பிப் போகும் வழிக்கும்
ஒரு பகுதி எழுதியாக வேண்டும்.
எழுதினேன்: புலத்தை நீக்கு.
கீழே ஒரு குறிப்பு:
நீக்கலாம்,
ஆனால் கேட்டது மறந்துபோகும்.

முப்பத்தேழும் "கேட்கவில்லை" என்று விழுந்தன.
திங்களன்று கொரின் பட்டியலை அச்சிட்டு
அறை அறையாய் நடந்தாள்.
மூன்று வாரத்தில் மீதி நாலு.
ஒன்பதாம் அறைப் புள்ளி எடுபட்டது.
அங்கே இப்போது
"கேட்டோம், ஒருவரும் இல்லை".
பக்கத்தில் தேதியும் இருக்கிறது.
மத்தேயை நான் தொடவில்லை.
விதிப்படி அவர் செல்லுபடியாகிறார்.

கடைசி டிராலி பஸ்ஸில்
சொல்லாமல் விட்ட ஒன்று ஞாபகம் வந்தது.
எங்கள் நிறுவனத்துப் பணியாளர் படிவத்திலும்
அந்தக் கட்டம் உண்டு, உடுக்குறியோடு.
சேர்ந்த அன்று அவசரத்தில்
ரெத்தோவின் எண்ணைப் போட்டேன்.
அவனுக்கு இன்னும் தெரியாது.